பி பக்கம், நான்காவது பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் இசையும் மனநலமும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் கடைசியில், ‘மனம் அமைதியடைய மென்மையான கருவியிசையைக் கேளுங்கள்’ என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லி முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். யாருக்கு எந்தப் பாட்டு என்று கேட்காமல் ஒலிக்கவிட்ட மென்மையான இசையால் என் அக்கா பதினொரு நாள் பட்ட பாட்டைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவன் நான்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் இல்லை. சங்கீதம் கற்றவனும் இல்லை. எனக்கு வயது 59. 1984இல் தொடங்கி 23 வருடம் டேப் ரெக்கார்டர் ரிப்பேர் செய்து பிழைத்தவன். பெல்ட் மாற்றுவது, ஸ்பிரிட் தொட்டு ஹெட் துடைப்பது, சிக்கிய டேப்பைப் பிரித்தெடுத்துப் பென்சில் விட்டுச் சுற்றுவது, இவைதான் என் படிப்பு.

அந்தத் தொழிலில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பாட்டுக்காகக் கேசட்டைச் சரிசெய்யக் கொண்டுவந்தவர்கள் குறைவு. ஒருவர் அறுந்துபோன கேசட்டோடு வந்தார். அதே பாட்டுகள் புதுக் கேசட்டாகவே கிடைக்கும் என்றேன். அவர் நகரவில்லை. ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து மைக்கில் பதிவுசெய்த கேசட் அது. மூன்றாவது பாட்டின் நடுவே ஒரு கதவு அறைந்து சாத்தும் சத்தம். தொடர்ந்து ஒரு பெண் குரல், “காது செவிடாகப் போகுதா உனக்கு? சத்தத்தைக் குறைடா.” அவருடைய அம்மாவாம். அப்போது அம்மா போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. கேசட்டில் டேப் விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடும். அறுந்த இடத்தில் ஒரு விரல் அகலம் வெட்டி ஒட்டினால் அரை விநாடி கூடப் போகாது. ஆனாலும் அந்தக் குரல் இருந்த இடத்தில் வெட்டாமல் ஒட்ட அன்று சாயங்காலம் முழுக்க எனக்குச் சரியாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய கேசட்டுகளில் பாட்டு தொடங்க ஓரிரு விநாடி முன்பே அதன் முதல் வரி, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மெலிதாகக் கேட்கும். பேய் பிசாசு இல்லை. இறுகச் சுற்றிய டேப்பில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றிலும் லேசாகப் படிந்துவிடும், அவ்வளவுதான். அந்த நிழல் சத்தம் கேட்டதுமே கண்களை மூடிக்கொள்கிற வாடிக்கையாளர்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டு இன்னும் வரவே இல்லை, அதற்குள் முகம் மாறிவிடும். கனடாவின் மான்ட்ரியலில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வை மிகவும் பிற்காலத்தில் படித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது. பிடித்த இசையில் உடல் சிலிர்க்கும் இடம் வருவதற்குச் சற்று முன்பே, எதிர்பார்ப்பிலேயே, மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்ற ரசாயனம் சுரக்கத் தொடங்குகிறது என்று அதில் கண்டிருந்தார்கள். முன்பே தெரிந்த பாட்டாக இருந்தால்தானே எதிர்பார்க்க முடியும்?

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு மூளையின் இடப்பக்கம் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறது, பதில்தான் வராது. எதைக் கேட்டாலும் “அது... அது...” மட்டும்தான். நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்த ஆள்.

அந்த வார்டில் கூரையில் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. நோயாளிகளின் மன அமைதிக்காக என்று புல்லாங்குழல் இசை. முக்கால் மணி நேரத்தில் முடியும், மறுபடி முதலிலிருந்து வரும். காலை முதல் இரவு வரை அதேதான். மூன்றாம் நாள் முதல் அக்கா இடது கையால் காதைப் பொத்திக்கொள்ள ஆரம்பித்தாள். காது வலி என்று நினைத்து விளக்கடித்துப் பார்த்தார்கள், சொட்டு மருந்தும் விட்டார்கள். ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்கிறாள் என்று எனக்கே பதினோராம் நாள்தான் உறைத்தது. 23 வருடம் காதை வைத்துச் சோறு தின்றவன் நான்! நர்ஸிடம் சொன்னேன். தவறாக எண்ணாமல் உடனே சத்தத்தை நிறுத்தினார். நல்ல பெண். அந்த இசையை வைக்கச் சொன்னது அவர் இல்லையே.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு கேசட்டும், பெல்ட் மாற்றிய ஒரு சின்ன பிளேயரும் கொண்டுபோனேன். அக்கா பதினேழு வயதில் ரேடியோவிலிருந்து பதிவுசெய்தது. அதில் பி பக்கம், நான்காவது பாட்டு. இரண்டாவது சரணத்தில் ஒரு சொல் நீண்டு, குரல் தாழ்ந்து, அழுவதுபோல ஒரு இழுவை வரும். பாடியவர் அப்படிப் பாடவில்லை. டேப் சிக்கிக்கொண்டபோது ஒன்பது வயதுப் பொடியனாகிய நான் வெடுக்கென்று பிடித்து இழுத்ததில் அந்த இடம் நீண்டுவிட்டது. அன்று அக்கா என் தலையில் குட்டிய குட்டு இன்னும் மறக்கவில்லை. நான் மெக்கானிக் ஆனதே அந்தக் குட்டால்தான் என்று வீட்டில் சொல்வார்கள்.

பல்லவி வந்ததும் அக்காவின் உதடு அசைந்தது. அடுத்த அடியில் சத்தம் வந்தது. முதல் சரணத்தில் சொற்களே வந்துவிட்டன, திக்காமல் திணறாமல். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி எழுந்து வந்து பார்த்தார். இரண்டாவது சரணத்தில், சரியாக அந்தச் சொல்லில், அக்காவும் இழுத்தாள். டேப் இழுக்கும் அளவுக்கே, குரலைத் தாழ்த்தி. இழுத்து முடித்ததும் இடது கையைத் தூக்கி என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

பாட்டு முடிந்தது. “தண்ணி வேணுமாக்கா?” என்றேன். “அது... அது...” என்றாள்.

இதையும் சொல்லத்தான் வேண்டும். பாட்டு ஒரே நாளில் பேச்சைத் திருப்பித் தந்துவிடவில்லை. பேச்சுக்கு மூளையின் இடப்பக்கத்தை அதிகம் நம்பியிருக்கிறோம், பாடும்போது வலப்பக்கமும் கைகொடுக்கிறது என்று பேச்சுப் பயிற்சியாளர் விளக்கினார். இதை வைத்தே 1973இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு பயிற்சி முறையை உருவாக்கியிருக்கிறார்கள். இடது கையால் தாளம் தட்டிக்கொண்டு, மேலும் கீழுமாக இரண்டே சுரத்தில், “தண்-ணி வே-ணும்” என்று பாடவேண்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ராகத்தைக் குறைத்துப் பேச்சாக்க வேண்டும். 2011இல் தலையில் குண்டடிபட்ட அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸுக்குப் பேச்சு திரும்பியதிலும் பாட்டுப் பயிற்சிக்குப் பங்கு உண்டு. அக்கா தானாகத் தண்ணீர் கேட்க நாலு மாதம் ஆயிற்று. ஆனால் அந்த நாலு மாதமும் அவள் பயிற்சிக்கு முகம் சுளிக்காமல் உட்கார்ந்ததற்கு அந்தக் கேசட்தான் காரணம் என்பேன்.

பின்லாந்தின் ஹெல்சின்கியில் பக்கவாதம் வந்த 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஒரு ஆய்வு நடத்தினார்கள். 2008இல் வெளியானது. ஒரு குழு இரண்டு மாதம் தினமும் இசை கேட்டது. இன்னொரு குழு ஒலிப்புத்தகம் கேட்டது. மூன்றாவது குழுவுக்கு இரண்டும் இல்லை. இசை கேட்டவர்களுக்குச் சொற்களை நினைவில் வைப்பதும் கவனமும் மற்றவர்களைவிட நன்றாகத் தேறின, இரண்டும் கேட்காதவர்களைவிட மனச்சோர்வும் குறைவாக இருந்தது. இதில் நான் அடிக்கோடிடுவது ஒன்றைத்தான்: அவர்கள் கேட்டது தாங்களே தேர்ந்தெடுத்த இசை. கூரை ஸ்பீக்கர் இசை இல்லை. அதேபோல 2009இல் கலிபோர்னியாவில் ஒரு ஆய்வாளர், கல்லூரி மாணவர்களுக்கு அவர்களுடைய 8 வயது முதல் 18 வயது வரை பிரபலமாக இருந்த பாட்டுகளைப் போட்டு மூளையை ஸ்கேன் செய்தார். சொந்த ஞாபகத்தைக் கிளறும் பாட்டுக்கு நெற்றிக்குப் பின்னாலுள்ள ஒரு பகுதி விழித்துக்கொண்டது. அல்சைமர் நோயில் கடைசியாகத் தேய்கிற பகுதிகளில் அதுவும் ஒன்றாம்.

இன்ன இசை கேட்டால் இன்ன நோய் போகும் என்று வாட்ஸப்பில் சுற்றும் பட்டியல்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள். எனக்கு வாரம் இரண்டு வருகிறது.

பிடித்த பாட்டிலும் முள் இருக்கும். அக்கா வீட்டுக்கு வந்த புதிதில், பார்க்க வந்த உறவினர் ஒருவர் ஆசையாகப் போனில் ஒரு பாட்டைப் போட்டார். மறைந்துபோன அத்தான் எப்போதும் முணுமுணுக்கும் பாட்டு. அக்கா இரவு வரை அழுதாள். ஏன் என்று சொல்ல வாயில்லை, நிறுத்து என்று சொல்லவும் வழியில்லை. அழுகையெல்லாம் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். பேச்சு கொஞ்சம் வந்ததும் அதே பாட்டை அவளே கேட்டு வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். அவளாகக் கேட்டபோது அது வேறு பாட்டாகத்தான் இருந்தது.

மருத்துவமனையில் சேர்க்கும்போது ரத்த வகை கேட்கிறார்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்கிறார்கள். கூடவே எந்தப் பாட்டு பிடிக்கும், எது வேண்டவே வேண்டாம் என்று இரண்டு வரி கேட்டால் என்ன குறைந்துவிடும்? முதியோர் இல்லங்களிலும் கேட்கலாம். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல், வாயும் நினைவும் நன்றாக இருக்கும்போதே நாமே எழுதிவைத்துவிடலாம். நீங்கள் ஒரு உதவி செய்யுங்கள். அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு கால் பக்கத்துக்குக் கட்டுரையை விட்டுவிட்டு வெறும் கோடுகளாக அச்சிடுங்கள். ‘வேண்டியவை’ பத்து கோடு, ‘வேண்டாதவை’ ஐந்து கோடு. வெட்டி எடுத்து மருந்துச் சீட்டுகளோடு வைத்துக்கொள்கிறோம்.

நான் என்னுடையதை எழுதிவைத்துவிட்டேன். மகள் வாங்கிப் படித்துவிட்டு, “எல்லாமே போன்லயே இருக்குப்பா” என்றாள். நான்காவது பாட்டுக்கு எதிரே மட்டும் பேனாவால் சேர்த்து எழுதினேன்: ‘போனில் உள்ளது வேண்டாம். அக்காவிடம் உள்ள கேசட், பி பக்கம்.’

இப்படிக்கு,
முன்னாள் டேப் ரெக்கார்டர் மெக்கானிக் ஒருவர்