இரண்டாம் தவணை முடிவில் ஒரு மடல்

உயர்தர வகுப்புப் பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இரண்டாம் தவணை இந்த வெள்ளியுடன் முடிகிறது. தமிழ்த்தினப் போட்டிகளில் பிள்ளைகள் கல்லூரியின் பெயரைக் காப்பாற்றினார்கள். உதைபந்தாட்ட அணி அரையிறுதி வரை போனது. டெங்கு ஒழிப்புச் சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வந்த தந்தையருக்கும் தேநீர் ஊற்றிய தாய்மாருக்கும் நன்றி. ஏனைய விபரங்கள் அறிவித்தல் பலகையில் உண்டு.

இனி, இந்த மடலை எழுதவைத்த விடயம்.

தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடத்தை எடுத்த முப்பத்தொரு பிள்ளைகளுக்கு இத்தவணை கொடுத்த ஒப்படை எளிது: உங்கள் ஊரில் தொழில் செய்து வாழும் ஒருவரை நேரில் கண்டு பேசி, நேர்காணல் எழுதி வாருங்கள். ஒப்படைகள் சொன்ன நாளில் வந்தன. தட்டச்சிட்டு, வர்ண அட்டை போட்டு, பார்க்க அழகாகவே இருந்தன. அவற்றில் ஒன்பது பேர் நம் மட்டக்களப்புப் பாலமீன்மடு மீனவர் ஒருவரைக் கண்டு பேசியிருந்தார்கள். ஒன்பதிலும் அவருக்கு வயது 62. ஒன்பதிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. ஒன்பதிலும் அவர், தமிழ்நாடு அரசு தரும் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் போதவில்லை என்று குறைப்படுகிறார்! பாலமீன்மடுவில் வலை இழுப்பவருக்குத் தமிழ்நாடு அரசு எதற்குக் காசு தருகிறது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்கப் பழகுவதற்குத்தான் அந்த ஒப்படையே.

விசாரித்தால், ஆளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு தட்டச்சும் போட்டோக் கொப்பியும் செய்யும் ஒரு கொமினிகேஷன் கடையில் செய்துகொடுத்திருக்கிறார்கள். தொடர்பாடல் பாடத்தின் ஒப்படையைக் கொமினிகேஷன் செய்திருக்கிறது. ஆசிரியர் அறையில் நானும் சிரித்தேன். காசு கொடுத்து வாங்கிவந்தவர்களில் அநேகர் பெற்றோர் என்று தெரிந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. பாடசாலை விட்டால் ரியூஷன், ரியூஷன் விட்டால் இரவு. “ஒப்படைப் புள்ளி இசட் புள்ளியில் சேராதே சேர், இதுக்கு ஏன் பிள்ளை மினக்கெட வேணும்?” என்று ஒரு தாயார் நேராகவே கேட்டார். உண்மைதான், சேராது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பரீட்சைப் பெறுபேற்றை வைத்துக் கணிக்கும் அந்த இசட் புள்ளியைத்தான் பார்ப்பார்கள். அதற்குப் பதிலாக நான் அவரிடம் இன்னொரு ஒப்படையைக் காட்டினேன்.

அது கையெழுத்தில் இரண்டரைப் பக்கம். எழுத்துப்பிழையும் உண்டு. ஆரையம்பதியில் இடியப்பம் விற்கும் ஓர் அம்மாவிடம் பிள்ளை போயிருக்கிறாள். எத்தனை வருடமாகத் தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “ஆருக்குப் புள்ள தெரியும்” என்பதே பதில். அடுத்த கேள்வியும் அப்படியே போயிருக்கிறது. பிறகு பிள்ளை கேள்வியை மாற்றியிருக்கிறாள்: “சூறாவளிக்கு முதலா, பிறகா?” 1978 நவம்பரில் அடித்த சூறாவளியை வைத்துத்தானே நம் ஊர்களில் வயதும் கலியாணமும் கணக்குப் பார்ப்பது. அந்த அம்மா வாய் திறந்துவிட்டார். “அதுக்கு முதல் வருசம் புள்ள. கூரையோட இடியப்ப உரலும் போயித்து. இரவல் உரலிலதான் திரும்பத் தொடங்கின.” மீதி ஒன்றரைப் பக்கமும் அந்த இரவல் உரலின் கதைதான். பதில் வராத கேள்வியை அந்த இடத்திலேயே மாற்றிக் கேட்க எந்த ரியூட்டரியும் சொல்லிக்கொடுக்காது.

இதைப் படித்தால் ரீவியில் செய்தி வாசிக்கலாமா என்று கேட்பீர்கள். சிலர் வாசிப்பார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கை உண்டு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை உண்டு. வானொலி, பத்திரிகை, மொழிபெயர்ப்பு, தொண்டு நிறுவனங்களின் கள வேலை என்று வழிகள் பல. நாளைக்கு இவர்களில் ஒருத்தி பிரதேச செயலகத்தில் இருந்து மார்கழி வெள்ளத்துக்கு அறிவித்தல் எழுதலாம். “நீர்மட்டம் உயர்வடையும் சாத்தியக்கூறு அவதானிக்கப்பட்டுள்ளது” என்று எழுதினால் எந்த ஆச்சி எழும்பிப் போவார்? “இண்டைக்கு இரவு தண்ணி வாசற்படிக்கு வரும், மாட்டை இப்பவே மேட்டுக்குக் கொண்டுபோங்க” என்று எழுத வேண்டும். யார், என்ன, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார் என்று அமெரிக்க அறிஞர் லாஸ்வெல் 1948இல் வகுத்த ஐந்து கேள்விகளையும் நம் பிள்ளைகள் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்பார்கள். அந்த ‘யாருக்கு’ என்பதற்கு ஒரு முகம் வேண்டும். அது கடையில் கிடைக்காது.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். அந்த ஒன்பது ஒப்படைகளும் ஏற்கப்படமாட்டா. விடுமுறைக்குள் திரும்பச் செய்ய வேண்டும். இனிமேல் ஒப்படை கையெழுத்தில்தான். பேசும்போது எடுத்த குறிப்புக் கொப்பியும் கூடவே வர வேண்டும். ஆசிரியர் முன் ஐந்து நிமிடம் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். யாருடைய பிள்ளை என்று பார்க்கப்படமாட்டாது. இதற்காக எனக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம்.

மூன்றாம் தவணையில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) விண்ணப்பம் எழுதப் பழகுகிறோம். விண்ணப்பம் கிடைத்தால் 14 வேலைநாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். இதையும் கடையில் கொடுத்தால் தமிழ்நாடு அரசிடம் தகவல் கேட்டு ஒரு விண்ணப்பம் வந்து சேருமோ என்று பயமாக இருக்கிறது.

கோபத்தில் எழுதியதாக எண்ண வேண்டாம். பிள்ளைக்கு ஒரு சுமையாவது குறையட்டும் என்றுதான் செய்தீர்கள், நானும் ஒரு தகப்பன்தான். உங்களிடம் கேட்பது சின்ன உதவி: விடுமுறையில் ஒரு மாலை ரியூஷனுக்கு லீவு கொடுத்து, பிள்ளை யாரையாவது கண்டு பேசப் போக விடுங்கள். தூரமென்றால் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விடுங்கள். கேள்வியை மட்டும் நீங்கள் கேட்க வேண்டாம். தவணை தொடங்கும் முதல் புதன்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பிரதான மண்டபத்தில் சந்திப்போம், தயவுசெய்து வாருங்கள்.

பிள்ளைகளோடு பொறுமையாகப் பேசிய ஊரவர் எல்லோருக்கும் நன்றி. ஆரையம்பதி அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. அவர் கொடுத்தனுப்பிய இடியப்பம் ஆசிரியர் அறை வரை வந்தது, சம்பல் மட்டும் வழியில் முடிந்துவிட்டதாம்.

இப்படிக்கு,
அதிபர்