கெனிச்சிரோவிடம் இனி போவதில்லை

அன்புள்ள நண்பா,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். எட்டு மாதங்களாக ஒரு வரிகூட எழுதாமல் இருந்ததற்கு வேலைப்பளு என்று ஒரு சாக்குச் சொல்லலாம். உன்னிடம் அது செல்லாது. எழுதினால் நீ கேட்கப்போகும் முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதனால்தான் எழுதவில்லை. ‘செகிரோ கேமை முடித்துவிட்டாயா?’ முடிக்கவில்லை. இனி முடிக்கப்போவதும் இல்லை என்று சென்ற வாரம் தீர்மானித்துவிட்டேன்.

நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. இன்று மாலைக்குள் நம் மூன்றாம் ஆள் கட்டைவிரலாருக்கும் தகவல் போய்விடும் என்பதும் தெரியும். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

நான் மாட்டிக்கொண்டது கடைசிச் சண்டையில். வெண்ணிற நாணல் அசையும் அந்த வெளியில் முதலில் கெனிச்சிரோ வருவான். அவனை வீழ்த்தினால்தான் கடைசி எதிரியான இஷின் எழுந்து வருவார்; அவருக்கு மூன்று உயிர். முதல் உயிரில் வாள், இரண்டாவதில் ஈட்டியும் துப்பாக்கியும் சேரும், மூன்றாவதில் மின்னலும் வரும். அந்த மின்னலைத் தாவி அந்தரத்தில் வாங்கி, கால் தரையில் படுவதற்குள் அவர்மீதே திருப்பி அடிக்க வேண்டும். இதில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். 2019-இல் வந்த அந்த கேமில் கடினத்தைக் குறைத்துக்கொள்ள வழியே வைக்கவில்லை என்று ஊரே புலம்பியபோதும் நான் புலம்பியதில்லை, நீதான் புலம்பினாய். என் மனத்தாங்கல் முழுவதும் கெனிச்சிரோவின்மீதுதான்.

இஷினின் மூன்றாவது உயிரில், இன்னும் இரண்டே அடி பாக்கி என்ற நிலையில் செத்தாலும், மறுபடியும் கெனிச்சிரோவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். முதல் இருபது முறை அவன் எனக்கு எதிரியாக இருந்தான். எண்பதாவது முறை அவன் அலுவலக வருகைப் பதிவேட்டில் இடும் கையெழுத்தைப் போல ஆகிவிட்டான். அவன் வாள் இறங்கும் நேரம், அவன் பின்வாங்கும் தூரம், எல்லாம் விரல்களுக்கே தெரியும். அந்த ஒன்றரை நிமிடமும் விரல்கள் சண்டை போட, மனம் மறுநாள் அனுப்ப வேண்டிய மின்னஞ்சலை எழுதிக்கொண்டிருக்கும். அவன் விழுந்து, இஷின் எழுந்து வந்து, என் மனம் அந்த மின்னஞ்சலை விட்டுத் திரும்பி வருவதற்குள் முதல் வெட்டு விழுந்திருக்கும். தெரிந்ததைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்துக் களைத்துப்போக விட்டு, தெரியாததன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். எனக்குக் கற்றுக்கொள்ளத் தெம்பு வேண்டியிருந்தது அங்கேதான். ஒரு நாள் என் மகள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “அப்பா, இந்த ஆள்தானே நேற்றும் உங்களைக் கொன்றார்?” என்று கேட்டாள். அன்றைக்கு மட்டும் அவர் என்னை ஒன்பது முறை கொன்றிருந்தார் என்று நான் சொல்லவில்லை.

எவ்வளவு கடினம் என்பதைவிட, தோற்ற இடத்துக்குத் திரும்பிப்போக எவ்வளவு நடக்க வேண்டும் என்பதுதான் ஆளை எரித்துவிடுகிறது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. 2018-இல் வந்த செலஸ்ட் கேமை நினைத்துப் பார். அந்த மலையில் நான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை செத்திருக்கிறேன்; அந்தக் கணக்கை கேமே வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் ஒரு நாள்கூடக் கசக்கவில்லை. செத்த மறுகணமே அதே திரையின் தொடக்கத்தில் நிற்பேன். ‘சே’ என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த தாவலைத் தொடங்கியிருப்பேன். அதற்கும் முடியாதவர்களுக்கு வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும், சாகாமலே ஆடவும்கூட வசதி வைத்திருந்தார்கள். நான் அதைத் தொடவில்லை என்பதை நீ ஏளனமாக எடுத்துக்கொள்ளாதே.

உன் ஏளனத்துக்கு வருவோம். வைஸ் சிட்டி கேமில் அந்தப் பொம்மை ஹெலிகாப்டரை வைத்துக்கொண்டு, கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் கட்டடத்துக்குள் நான்கு வெடிகுண்டுகளை வைக்கச் சொன்னார்களே, அதை யார் முடித்தது? ஒரு கை ஏற்றி இறக்க, இன்னொரு கை எண்விசைகளில் தடுமாற, படிக்கட்டின் திருப்பத்தில் விசிறி சுவரில் இடித்து நின்றபோது விசைப்பலகையைத் தலைகீழாகத் திருப்பி அடித்தவன் நானல்ல. மிஷனுக்கு மிஷன் உயிரை நிரப்பும் ‘ஆஸ்பிரின்’ என்ற குறுக்குவழிச் சொல்லைத் தட்டியே காலத்தை ஓட்டிய ஒருவருக்குக் கடிகாரத்துக்கு ஆஸ்பிரின் கிடையாது என்பது அன்றுதான் உறைத்தது. முதல் குண்டைத் தூக்கும்வரை நேரமே ஓடத் தொடங்காது, அதற்குள் உள்ளே நிற்கும் ஆட்களை விசிறியாலேயே தீர்த்துவிடலாம் என்று கட்டைவிரலார் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு நாம் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

அதற்கும் முந்தையது 1999-இல் வந்த டிரைவர். வாகன நிறுத்துமிடத்தில் 60 நொடிகளுக்குள் ஒரு பட்டியல் முழுவதையும் செய்து காட்டினால்தான் கதைக்குள்ளேயே விடுவார்கள். எனக்குத் தெரிந்து அந்த கேம் என்பதே ஒரு வாகன நிறுத்துமிடம்தான். வெளியே நகரம் இருந்தது என்று நீ சொல்லித்தான் கேள்வி. அந்தப் பட்டியலில் டயரைப் புகையவிடும் ‘பர்ன்அவுட்’ என்பதும் ஒன்று. இன்று வரை எனக்குப் பிசகாமல் வருவது அது ஒன்றுதான்.

சில சமயம் இந்தக் கொடுமையைத் தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். 1994-இல் வந்த லயன் கிங் கேமில் இரண்டாவது லெவலையே அவ்வளவு கடினமாக்கியது, வாடகைக்கு எடுத்தவர்கள் சட்டென்று முடித்துத் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரே பின்னாளில் சொல்லிவிட்டார். வேறு சிலருக்கு மனசாட்சி இருந்தது. 1998-இல் வந்த ஆக்கரினா ஆஃப் டைம் கேமின் நீர்க்கோவிலில் இரும்புக் காலணியைப் போட ஒரு முறை, கழற்ற ஒரு முறை என்று ஒவ்வொரு தடவையும் ஆட்டத்தை நிறுத்தி மெனுவுக்குள் போக வேண்டியிருந்தது. அதற்காக அதை உருவாக்கியவர்களில் ஒருவரான எய்ஜி அவோனுமா வருத்தம் தெரிவித்தார். 2011-இல் மறுபதிப்பு வந்தபோது காலணியை ஒரே தொடுதலில் மாட்டும்படி செய்துவிட்டார்கள். கோவில் அதே கோவில், புதிர்களும் அவைதாம். வழியில் கிடந்த அலுப்பை மட்டும் எடுத்துவிட்டார்கள். எனக்கும் அவ்வளவுதான் வேண்டும். கெனிச்சிரோவுக்குப் பிறகு, செத்தால் அங்கிருந்தே தொடர ஒரே ஒரு செக்பாயிண்ட்.

இதுவரை சொன்னது கேமின் குற்றம். என் பங்கையும் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? மகள் தூங்கிய பிறகு எனக்கென்று கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அதில் புத்தகம் படித்திருக்கலாம், மனைவியோடு பேசிக்கொண்டிருந்திருக்கலாம், உனக்கு எழுதியிருக்கலாம். இரண்டு மாதங்களாக அந்த நேரம் முழுவதையும் ஒரு நாளைக்குப் பத்து முயற்சி என்று கணக்கு வைத்து அந்த நாணல் வெளியில் கொண்டுபோய்க் கொட்டினேன். ஆசையாகத் தொடங்கியது எந்த நாளில் கடமையாக மாறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சென்ற வாரம் ஒரு நாள் இஷினின் இரண்டாவது உயிர் போய், மூன்றாவது தொடங்கும் நேரத்தில் கன்ட்ரோலரில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. கேபிள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. கோபம் வரும் என்று பார்த்தேன், வந்தது நிம்மதி. சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். அவ்வளவு ஆழமாகத் தூங்கி வெகுநாள் ஆகியிருந்தது.

முடிந்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலைதான் நினைவில் தங்கும் என்று உளவியலாளர் புளூமா ஸெய்கார்னிக் 1927-இல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை உறுதிசெய்துவிடவில்லை, ஆனாலும் என் அளவில் அவர் பக்கம்தான் சாய்வேன். முடித்த கேம்களின் இறுதிக் காட்சிகளில் பாதி மறந்துவிட்டன; அந்த வாகன நிறுத்துமிடத்தின் தூண்கள் எங்கெங்கே இருந்தன என்று இன்றும் வரைந்து காட்டுவேன். ஆகவே இஷினும் என்னோடு வருவார் என்று தெரிந்தேதான் விட்டிருக்கிறேன். சேமித்துவைத்த ஆட்டத்தை அழிக்கவில்லை, அழிக்கும் அளவுக்கு அவர்மீது பகை இல்லை.

ஹேடிஸ் கேமை ஆடு, அதில் ‘காட் மோட்’ போட்டுக்கொண்டால் நம்மீது விழும் அடி 20 விழுக்காடு குறைவதில் தொடங்கி, சாகும்போதெல்லாம் இரண்டிரண்டாகக் கூடி 80 வரை போகும் என்று சென்ற ஆண்டே நீ சொன்னாய். அப்போது உன்னைப் பார்த்து நான் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆடத் தொடங்கிவிட்டேன். போட்டுக்கொண்டுதான் ஆடுகிறேன். இதைக் கட்டைவிரலாரிடம் சொன்னால் நம் நட்பு அன்றோடு சரி.

இன்னொன்று. நீ எடுத்துப் போன என் பழைய கன்ட்ரோலரைத் திருப்பி அனுப்பு. இடது ஸ்டிக் தானாகவே மேல்நோக்கிப் போகிறது என்று நீ குறைபட்டாய், பரவாயில்லை, மகளுக்குத்தான். இப்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் தாவ வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொடுக்கிறாள்.

அன்புடன்,
உன் நண்பன்