எக்ஸ்ரே ஊழியருக்கு உள்ள வரம்பு விண்வெளி வீரருக்கு எங்கே?

இஸ்ரோவுக்கும் ககன்யான் திட்டக் குழுவினருக்கும், வணக்கம்.

விண்வெளிக் கதிர்வீச்சைப் பொறுத்தவரை, மனிதரை அனுப்பும் ககன்யான் பற்றி எனக்குப் பெரிய கவலையில்லை. மூன்று நாள் பயணம், ஏறக்குறைய 400 கி.மீ. உயரம். பூமியின் காந்தப்புலம் அங்கேயும் ஓரளவு காக்கும். கவலையெல்லாம் 2035-க்குத் திட்டமிட்டிருக்கும் நம் விண்வெளி நிலையமும், 2040-க்குள் நிலவுக்கு ஆளனுப்பும் இலக்கும்தான்.

நம் மருத்துவமனைகளில் எக்ஸ்ரே அறை ஊழியரின் சட்டையில், அவர் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் இருக்கும். அவருக்கு எந்த ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டுக்கு (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு) மேல் போகக்கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு நாளைக்கே அரை மில்லிசீவர்ட்டுக்குக் குறையாது. ஆறு மாதம் தங்கினால் 90-ஐத் தொட்டுவிடும். ஆக, தரையின் விதி மேலே செல்லாது. தனி வரம்பு வேண்டும்.

நாசா 2022-ல் ஆண், பெண், வயது வேறுபாடின்றிப் பணிக்காலம் முழுவதற்கும் 600 மில்லிசீவர்ட் என்று வைத்தது. அதற்குமுன் பெண்களுக்கு வரம்பு குறைவு. ஐரோப்பிய விண்வெளி முகமையோ 1000 வரை விடுகிறது. உடம்பு ஒன்றுதான், எண் மட்டும் மாறுகிறது. எவ்வளவு புற்றுநோய் அபாயத்தை ஏற்கலாம் என்பதை இயற்பியல் மட்டும் தீர்மானிப்பதில்லை, மனிதர்கள் எடுக்கும் முடிவும் அதில் இருக்கிறது. நம் எண் என்ன, ஏன் என்பதைப் பொதுவில் சொல்லுங்கள். உள்விதி இருந்தால் இன்னும் நல்லது, அதையே வெளியிடலாம்.

நிலவுப் பயணத்தில் காந்தப்புலக் காப்பும் கிடையாது. 1972 ஆகஸ்டில் பெரிய சூரியப் புயல் வீசியது. ஏப்ரலில் அப்போலோ 16, டிசம்பரில் அப்போலோ 17; நடுவில் யாரும் அங்கே இல்லை. வெறும் அதிர்ஷ்டம்! இப்போது நம் ஆதித்யா எல்-1 விண்கலம் சூரியனைக் கவனிக்கிறது, சரி. ஆனால் அத்தகைய புயலின் வேகமான புரோட்டான் துகள்கள் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிடலாம். அண்டக் கதிர்களின் கனமான அணுக்கருக்களை விண்கலத்தின் அலுமினியச் சுவரும் தடுக்காது. அதில் மோதிச் சிதறிப் புதுத் துகள்களைக் கிளப்பும். அப்போலோ வீரர்கள் கண்ணை மூடியிருந்தபோதும் ஒளிப்பொறிகளைப் பார்த்தது இத்தகைய துகள்கள் கண்ணுக்குள் பாய்ந்ததால்தான்.

புற்றுநோய் வருவதானால் இருபது, முப்பது ஆண்டு கழித்தும் வரலாம். அப்போது விமானப்படையிலிருந்து தேர்வான நம் விண்வெளி வீரர்கள் ஓய்வுபெற்றிருப்பார்கள். அமெரிக்கா 2017-லேயே முன்னாள் விண்வெளி வீரர்களுக்கு வாழ்நாள் பரிசோதனையும் சிகிச்சையும் தரச் சட்டம் இயற்றியது. அப்படியொன்று இங்கும் எழுத்தில் வேண்டும்.

ஒவ்வொரு வீரரின் கதிர்வீச்சு அளவையும் வெளியிடச் சொல்ல மாட்டேன். நான்கே பேர் உள்ள குழுவில் பெயரை மறைத்தாலும் யாரென்று தெரிந்துவிடும்; அது அவர்கள் ஒப்புதலோடு நடக்கட்டும். ஆளில்லாப் பயணத்தில் வியோமித்ரா ரோபோவின் இருக்கையருகே பதிவாகும் கதிர்வீச்சு அளவை வெளியிட யார் ஒப்புதலும் தேவையில்லை. அதிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
விண்வெளிச் செய்திகளை விடாமல் படிக்கும் ஒரு வாசகர்