சரத்தை உயர்த்திக் கட்டினேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளின் உடம்பைக் கெடுக்கும் தின்பண்டங்களையும் கலரையும் கடைகளில் விற்கவே விடக்கூடாது என்று போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். அவர் திட்டிய கடைக்காரர்களில் நானும் ஒருவன். கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே 19 வருடமாகப் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். அவர் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம்.

தடை ஏற்கெனவே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் கொண்டுவந்த விதிப்படி, பள்ளி வாசலிலிருந்து எந்தப் பக்கமும் 50 மீட்டருக்குள் கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. வாசலிலிருந்து என் கடை 60 எட்டு. மீட்டர் கணக்கில் 45 தாண்டாது. ஆக, நான் விற்பது தப்பு. இதை என்னிடம் வந்து சொன்னது அதிகாரி யாரும் இல்லை, காலேஜில் படிக்கும் என் மகள்.

சரி, நிறுத்திவிடலாம் என்று பார்த்தால், எதை நிறுத்துவது? 'அதிகம்' என்றால் எவ்வளவு என்று கடைக்காரன் பார்த்துத் தெரிந்துகொள்ள ஓர் அளவு அந்த விதியில் இல்லை. சிப்ஸ், கலர் விஷயத்தில் சந்தேகம் இல்லை. சாத்தூர் சேவு? எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்? அதிலும் வெல்லப்பாகுதானே. புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாயை விற்றதற்கு எனக்கு அபராதம் போட்டால் ஊரே சிரிக்கும். லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது கேட்டேன். "பார்த்து வித்துக்கோங்க" என்று பதில் வந்தது.

சிகரெட்டில் இந்தக் குழப்பம் கிடையாது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழே யாருக்கும் கொடுக்கக் கூடாது. அட்டையில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம். எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும்.

போன மார்ச்சில், பரீட்சை நேரம். ஒன்பதாவது படிக்கும் பையன் எனர்ஜி ட்ரிங்க் கேட்டான். "ராத்திரி முழிச்சுப் படிக்கணும்ணே." எடுத்த பாட்டிலைக் கொடுப்பதற்கு முன் சும்மா திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. கண்ணாடி போட்டும் தெரியவில்லை. பையனையே போனில் படம் எடுத்துப் பெரிசாக்கச் சொன்னேன். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல என்று ஆங்கிலத்தில் இருந்தது. எத்தனை பிள்ளைகளுக்கு அதை எடுத்துக் கொடுத்திருப்பேன்! கொடுக்க மாட்டேன் தம்பி என்று சொல்லிவிட்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி, குடித்துக்கொண்டே என் கடை வழியாகத்தான் திரும்பிப் போனான். அந்தக் கடை 50 மீட்டருக்கு வெளியே இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், கடையை மட்டும் பிடித்தால் போதாது. பாக்கெட்டின் முகத்தில் எழுத வேண்டும். சிலி நாட்டில் 2016இலிருந்து சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டுகளின் முன்பக்கம் கறுப்பு எண்கோண முத்திரை போடுகிறார்கள். அந்த முத்திரை உள்ள எதையும் பள்ளிக்குள் விற்க முடியாது. அங்கே கடைக்காரன் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இங்கே ஆணையம் 2022இல், பண்டம் உடம்புக்கு எவ்வளவு நல்லதோ அதற்கேற்ப நட்சத்திரம் போடலாம் என்று ஒரு வரைவு விட்டது. சிப்ஸ் பாக்கெட்டில் ஒரு நட்சத்திரம் இருந்தால் பிள்ளைகள் அதைப் பரிசு என்றல்லவா நினைக்கும்? 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே இந்த விஷயத்தில் மூன்று மாதக் கெடு வைத்தது. என் கடைக்கு வருகிற பாக்கெட்டுகளில் ஒரு மாற்றமும் காணோம். அதே வருடம் செப்டம்பரில் கலருக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் என்றார்கள், நல்லது. பிஸ்கட்டையும் சாக்லேட்டையும் 18இலிருந்து 5க்கு இறக்கினார்களே, அது எந்தக் கணக்கு?

என் பங்குத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். கடையில் நிற்கும் ஃப்ரிட்ஜ் கலர் கம்பெனி சும்மா கொடுத்தது. சும்மா என்றால், உள்ளே அவர்கள் பாட்டில்தான் நிற்க வேண்டும். கீழ்த்தட்டில் மோர் பாக்கெட் வைத்ததற்கே சேல்ஸ்மேன் முகம் சுளித்தார். சிப்ஸ் சரம் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது. ஆணி அடித்தது நான் இல்லை, சப்ளை வண்டியில் வந்தவர்.

போன மாதம் சரத்தை உயர்த்திக் கட்டினேன். சின்னப் பிள்ளைகள் பென்சில் வாங்கிக்கொண்டு அப்படியே போனார்கள். அந்த வாரம் சிப்ஸ் விற்பனை பாதிதான், அவித்த கடலை கொஞ்சம் கூடுதலாகப் போனது. வெள்ளிக்கிழமை சரக்கு இறக்க வந்தவர், நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தபோது சரத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டார். மறுபடி மேலே கட்டியிருக்கிறேன். இந்த வெள்ளிக்கிழமையும் வருவார்.

- ஒரு பெட்டிக்கடைக்காரர்,
கோவில்பட்டி