வீடியோ நல்லதுதான் முதலாளி, அதை எப்போது பார்ப்பது?

மதுரைப் பக்கம் கப்பலூர், கே.புதூர், உறங்கான்பட்டி தொழிற்பேட்டைகளில் ரப்பர் பாகம் செய்யும் முதலாளிமார்களுக்கு,

வணக்கம். நான் கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் மோல்டிங் பிரஸ், அதாவது ரப்பரை அச்சில் வைத்துச் சூட்டில் அழுத்தும் மெஷின், ஓட்டுகிறவன். 22 வருஷம் ஆகிவிட்டது. கம்பெனி பெயரும் என் பெயரும் வேண்டாம், இன்னும் அங்கேதான் எனக்குச் சோறு. இத்தனை வருஷத்தில் புதிதாக வந்த ஐம்பது அறுபது பேருக்காவது பக்கத்தில் நின்று வேலை பழக்கியிருப்பேன். போன வருஷத்திலிருந்து அது என் பொறுப்பில் இல்லை. ஒரு ஆப் பார்த்துக்கொள்கிறது.

புது ஆள் சேர்ந்தால் முதல் நாளே அவர் செல்போனில் அந்த ஆப்பை ஏற்றிவிடுகிறார்கள். பதினான்கு வீடியோ. ஒவ்வொன்றின் முடிவிலும் ஐந்து கேள்வி. எல்லாவற்றிலும் தேறினால் பச்சை டிக் விழும், மறுநாள் பிரஸ்ஸில் நிறுத்திவிடலாம். மெஷின் மேலும் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறார்கள். ஸ்கேன் செய்தால் அந்த மெஷினை எப்படி ஆன் செய்வது, எப்படி நிறுத்துவது என்று ஓடும்.

இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நான் பழகிய காலத்தில் ஏன் என்று கேட்டால் மேஸ்திரி முறைப்பார். சொன்னதைச் செய், அவ்வளவுதான். கந்தகம் கலந்த ரப்பர் சூட்டில் ஏன் இறுகுகிறது என்பது எனக்கே அந்த வீடியோவில்தான் விளங்கியது. ரப்பரின் நீள நீளமான இழைகளுக்கு நடுவே கந்தகம் குறுக்கே பாலம் போட்டுக் கட்டிவிடுகிறதாம். இருபது வருஷம் அதைச் செய்துகொண்டே இருந்தவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் பையன்களுக்கு அதே வீடியோ இந்தியில் ஓடுகிறது. முன்பெல்லாம் அவர்களிடம் கையைக் காலை ஆட்டித்தான் பேசுவேன். பாதி புரியும், மீதியைச் சுட்டுக்கொண்டு கற்றுக்கொள்வார்கள்.

அப்புறம் என்ன குறை என்கிறீர்களா? மூன்றாம் பிரஸ் கதையைக் கேளுங்கள்.

போன மாசம் திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி சேர்ந்தான். டிப்ளமா படித்தவன், கெட்டிக்காரன். பதினான்கு வீடியோவிலும் முழு மார்க். மூன்றாம் பிரஸ்ஸில் நிறுத்தினார்கள். மீட்டரில் 170 டிகிரி காட்டுகிறது. க்யூரிங் நேரம், அதாவது ரப்பர் வேகும் நேரம், அதுவும் சரி. காற்று வெளியேற பிரஸ்ஸை மூடித் திறந்து மூடும் பம்பிங்கையும் வீடியோவில் சொன்னபடி செய்தான். ஆனாலும் வலது மூலையில் உள்ள நான்கு கேவிட்டியிலிருந்து (அச்சுக்குழியிலிருந்து) வந்த புஷ் என்கிற ரப்பர் பாகம் எல்லாம் உள்ளே பஞ்சு மாதிரி நுரைத்துக் கிடந்தது. அந்த மூலை ஹீட்டர் சரியாகச் சூடேறுவதில்லை, சென்சார் இருப்பதோ பிளேட்டின் நடுவில். மீட்டர் எப்படிக் காட்டும்? எங்களுக்கெல்லாம் இது தெரியும். அங்கிருந்து எடுத்ததும் கட்டைவிரல் நகத்தால் ஓர் அழுத்து அழுத்துவோம். வெந்திருந்தால் எழும்பிவிடும், வேகாவிட்டால் நகத்தடம் அப்படியே நிற்கும். பிறகு அரை நிமிஷம் கூட்டி வைப்போம். தம்பிக்கு நகம் வைக்கச் சொல்லித்தர ஆளில்லை. நான் ஒன்பதாம் பிரஸ்ஸில் இருந்தேன். ஏதோ சந்தேகம் வந்து அவன் ஆப்பில் இருக்கும் சாட்பாட்டைக் கேட்டிருக்கிறான். 'உங்கள் சூப்பர்வைசரை அணுகவும்' என்று பதில் வந்ததாம். சூப்பர்வைசர் அன்றைக்கு லீவு.

ஷிஃப்ட் முடிகையில் முந்நூறு புஷ் ஸ்கிராப். பச்சை டிக் வாங்கினாயே என்று எல்லார் முன்னாலும் அவனைப் பேசினார்கள். டிக் கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று, இதுதான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது. அந்த வீடியோக்களை எங்கள் ஆட்கள் பார்ப்பது வேலை நேரத்தில் இல்லை. ராத்திரி வீட்டில், சொந்த போனில், சொந்த டேட்டாவில் பார்க்கிறார்கள். பிசிறு வெட்டும் டிரிம்மிங்கில் இருக்கும் ஓர் அக்கா வீட்டில் இருப்பது ஒரே போன். அவர் சோறு வடிக்கும்போது வீடியோ அது பாட்டுக்கு ஓடும், பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் கேள்விகளுக்கு டிக் அடித்துவிடுவான். "எங்க வீட்ல ரப்பர் வேலை தெரிஞ்சது என் மகன்தாண்ணே" என்று சிரிக்கிறார். உங்கள் கம்ப்யூட்டரில் அவர் பயிற்சி முடித்தவர். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. வேலை பழகும் நேரத்தை மட்டும் வேலை இல்லை என்று எந்தக் கணக்கில் சேர்க்கிறீர்கள்?

நம்ம ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருஷம் பழக்கி, கண் பரிசோதனையிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் உதவி வரை ஒப்படைக்கிறார்கள். சர்க்கரை நோயால் வரும் கண் கோளாறைப் படத்தைப் பார்த்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியில் கூகுளோடு சேர்ந்திருந்ததும் அவர்கள்தான். புது நுட்பத்துக்குப் பயந்த இடம் இல்லை அது. ஆனாலும் பக்கத்தில் நின்று சொல்லித்தரும் அந்த வழக்கத்தை விட்டுவிடவில்லை.

அரசாங்கமும் சும்மா இல்லை. 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து ரூ.2,877 கோடியில் புதுப்பித்திருக்கிறது. ரோபோவும், கம்ப்யூட்டர் சொல்படி ஓடும் சிஎன்சி மெஷினும் தொட்டுப் பழகிய பையன்கள் வரப்போகிறார்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் அப்ரண்டிஸ், அதாவது வேலை பழகும் ஆள், எடுத்தாக வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. நம் பேட்டையில் அப்ரண்டிஸ் என்றால் சல்லிசாகக் கிடைக்கும் ஆள் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஷிஃப்டுக்குள்ளேயே, சம்பளத்தோடு வீடியோ பார்க்க விடுங்கள். உற்பத்தி குறையுமே என்பீர்கள். முந்நூறு புஷ் எத்தனை மணி நேரத்து உற்பத்தி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பார்த்த பிறகு முதல் பதினைந்து நாள் பழைய ஆள் ஒருவர் புது ஆளோடு நிற்கட்டும், அந்த நாட்களில் அவருக்கு டார்கெட்டைக் குறையுங்கள். டார்கெட்டையும் கொடுத்து ஆளையும் பழக்கு என்றால் எவனும் வாயைத் திறக்க மாட்டான்.

வீடியோவையும் எங்களை வைத்தே எடுங்கள். இப்போது ஓடுவது எங்கேயோ பளபளவென்று இருக்கும் ஒரு மெஷின். நம்ம மூன்றாம் பிரஸ்ஸின் வலது மூலை அதில் இல்லை. காலை ஷிஃப்டில் கேமராவோடு வரச் சொல்லுங்கள். முகம் வேண்டாம், கை தெரிந்தால் போதும். நகம் அழுத்தும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஹீட்டரைச் சரிசெய்துவிட்டீர்கள் என்றால் அந்த வீடியோவே தேவையில்லை, அதுவும் நல்லதுதான்.

இப்படிக்கு,
ஒன்பதாம் பிரஸ்காரன்