பழைய லேப்டாப் இங்கேயே இருக்கட்டும்

அன்புள்ள கயல்,

புது லேப்டாப் அனுப்புகிறேன், பழையதைத் தூக்கிப் போடு என்று எழுதியிருந்தாய். அனுப்பாதே. பழையது நன்றாகத்தான் ஓடுகிறது. இந்தக் கடிதத்தையே அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ சொன்ன காரணம் தப்பில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 11-ஐப் போடலாம் என்றால் இதன் பிராசஸர் பழசு, ஒத்துக்கொள்ளாதாம். பத்து வருஷமாக உழைக்கிற இயந்திரம். இரண்டு விசைகளில் எழுத்து தேய்ந்திருக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. தேதி முடிந்துவிட்டது என்பதற்காக அதைக் குப்பையில் போட மனசு வரவில்லை. விண்டோஸுக்குப் பதில், இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுவிட்டேன். சிரிக்காதே.

இதில் எனக்குப் பிடித்தது, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடிந்தது. இரண்டு நாள் அப்படியே ஓட்டினேன். மூன்றாம் நாள் துணிந்து உள்ளே ஏற்றினேன். ஏற்றிய பிறகு பார்த்தால் வைஃபை இல்லை. வைஃபை கருவியை இயக்க டிரைவர் என்ற சின்ன நிரல் வேண்டும், டிரைவரை இறக்க இணையம் வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதைதான். கடைசியில் போனைக் கேபிளில் செருகி, அதன் இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுத்து, டிரைவர் மேனேஜரைத் திறந்து ஒரு புள்ளியைத் தொட்டதும் வந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுக்கப் போயிற்று. நடுவில் உதவி கேட்டபோது ஒருவர், "முதலில் கையேட்டைப் படித்துவிட்டு வாருங்கள்" என்றார். படித்துவிட்டுத்தான் ஐயா கேட்டேன்! இந்த லினக்ஸ் கூட்டத்தின்மேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான். கதவைத் திறந்து வைத்துவிட்டு, வாசலில் நின்று முறைப்பார்கள்.

ஆனால் ஸ்கேனர் கதையைக் கேள். மேசைக்கு அடியில் மூன்று வருஷமாகத் தூசு படிந்து கிடந்ததே, அதுதான். தயாரித்தவர்கள் புது விண்டோஸுக்கு டிரைவர் தரவில்லை, அதனால் சும்மா கிடந்தது. மின்டில் செருகினேன். எதையும் இறக்கச் சொல்லவில்லை, எதற்கும் பதிவு செய்யச் சொல்லவில்லை. விளக்கு எரிந்து, அந்தப் பழைய கரகர சத்தத்தோடு நகர ஆரம்பித்தது. அதே மாடலை வைத்திருந்த யாரோ ஒருவர், இது வீணாகக் கூடாது என்று உட்கார்ந்து அதற்கான டிரைவரை எழுதியிருக்கிறார்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர், யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய இயங்குதளத்தை உருவாக்கும் க்னூ திட்டத்தை 1983-ல் அறிவித்ததற்குப் பின்னாலும் இப்படி ஒரு இயந்திரம் இருந்தது, உனக்குத் தெரிந்திருக்கும். எம்ஐடி ஆய்வகத்துப் பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கும். சிக்கினால் காத்திருக்கிறவர்களுக்குச் சேதி போகிற மாதிரி நிரலை மாற்றலாம் என்று அவர் நினைத்தார். அந்த நிரல் எழுதப்பட்ட வரிகளை, அதாவது மூலநிரலைக் கேட்டபோது கொடுக்க மறுத்துவிட்டார்கள். பெரிய தத்துவம் எல்லாம் அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது காகிதம் சிக்கிய எரிச்சல். டைப்ரைட்டரில் ஆரம்பித்தவள் நான், அந்த எரிச்சல் எனக்கு நன்றாகவே புரியும்.

போனில் பேசும்போது "ஓசியில் கிடைப்பதை நம்பாதே அம்மா" என்றாய். ஓசி வேறு, கட்டற்றது வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் "ஃப்ரீ" என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாற்பது வருஷமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் என்றால் இலவசம், கட்டற்ற மென்பொருள் என்றால் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். நீ எனக்குத் திறந்து கொடுத்த மின்னஞ்சல் கணக்கும் இலவசம்தான். அது கட்டற்றதா?

அந்தக் கணக்கு விஷயத்தை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. போன வருஷம் போன் எண்ணை மாற்றினேன் அல்லவா? பழைய எண்ணைக் கணக்கிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன். ஒரு நாள் திடீரென்று, "இது நீங்கள்தானா என்று உறுதி செய்ய வேண்டும்" என்று வெளியே தள்ளிவிட்டது. உறுதி செய்யும் எண் பழைய போனுக்குப் போகிறது. பழைய போன் எண் என்னிடம் இல்லை. பதினொரு நாள். உன் பள்ளிக்கூடப் படங்கள், அப்பாவின் மருத்துவ அறிக்கைகள், எல்லாம் உள்ளே. பேச ஒரு மனிதர் கிடையாது. படிவத்தை நிரப்பினால் இன்னொரு படிவம். தப்பு என் பேரிலும்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் வீட்டுப் படத்தைப் பார்க்க நான் யாரென்று யாருக்கோ நிரூபித்துக்கொண்டிருந்தேன் பார், அது உறைத்தது. பன்னிரண்டாம் நாள் திறந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் இறக்கி இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டேன். வருஷச் சந்தா கட்டிப் பெரிய இடம் வாங்கித் தருகிறேன் என்று நீ சொன்னபோது நான் பேச்சை மாற்றியது இதனால்தான்.

அப்படி இறக்கும்போது பாட்டியின் கதைகள் கிடைத்தன. 2001-ல் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டிய நாற்பது பக்கம். திறந்தால் தலையில் கொம்பும் காலில் வாலுமாக ஏதோ ஐரோப்பிய எழுத்துகள். அப்போதெல்லாம் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு கணக்கு. அந்த எழுத்துரு இருந்தால்தான் அது தமிழ், இல்லாவிட்டால் குப்பை. எந்த எழுத்துருவில் தட்டினேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நல்லவேளை, பழைய எழுத்துருக்களின் கணக்குகளைப் பட்டியல் போட்டு, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றும் நிரலை யாரோ எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். நாலாவதில் "அந்தக் காலத்துல" என்று பாட்டி பேச ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது எல்லாவற்றையும் ஓடிடி (ODT) என்ற கோப்பு வடிவில் வைத்திருக்கிறேன். 2006-லேயே ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பு தரமாக ஏற்ற வடிவம், எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று விவரம் வெளியிலேயே இருக்கிறது. நான் தட்டுகிற லிப்ரே ஆபீஸ் செயலி நாளைக்கே நின்றுபோனாலும் வேறு யாராவது திறக்க வழி உண்டு.

இதெல்லாம் சொன்னதற்காக நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறேன் என்று நினைக்காதே. 2024 மார்ச்சில் அந்த எக்ஸ்இசட் விவகாரம் வந்தபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது. எத்தனையோ சர்வர்களில் இருக்கிற, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கருவியை, ஊதியம் இல்லாமல் ஏறக்குறைய ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வருகிறேன் என்று ஒரு ஆள் வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து, நம்பிக்கை வாங்கிக்கொண்டு, வெளியாள் திருட்டுத்தனமாக நுழைய அதில் ஒரு பின்வாசல் வைத்துவிட்டான். பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற நிரலாளர். அவர் திருடனைத் தேடவில்லை. லாகின் ஆக அரை நொடி கூடுதலாகிறதே என்று தோண்டிப் பார்த்திருக்கிறார். அரை நொடி! நிரல் திறந்திருந்ததால் தோண்ட முடிந்தது, சரி. ஆனால் இப்படி ஒருவர் இல்லாவிட்டால்? உங்கள் ஆபீஸ் மாதிரி இடங்கள் இந்தக் கருவிகளை மேல்தளம் முழுக்க அடுக்கிக்கொண்டு, கீழே தாங்குகிறவருக்கு ஒரு நன்றிக் கடிதம்கூட அனுப்புவதில்லை. உன் மேலாளரிடம் ஒரு நாள் கேட்டுப் பார்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியிலும் ஒரு சங்கடம் உண்டு. கூகுளுக்கு மாற்று என்று நான் வைத்திருக்கிறேன், ஆனால் அதன் வருமானத்தில் பெரும்பகுதி, தன் தேடலை அதில் வைப்பதற்காகக் கூகுளே கொடுப்பது. வேறு வழி தெரியாமல் அதையே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

என்னால் நிரல் எழுத முடியாது. ஆனால் ஒன்று செய்தேன். ஒரு சின்னச் செயலியில் கோப்பு நகலெடுக்கும்போது "5 நிமிடங்கள் இடது" என்று வந்தது. ரொம்ப நேரம் திரையின் இடது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடினேன். அப்புறம்தான் விளங்கியது, "லெஃப்ட்" என்பதற்கு மீதி என்று போடாமல் இடது என்று போட்டிருக்கிறார்கள். மொழிபெயர்க்கும் பக்கத்துக்குப் போய் "5 நிமிடங்கள் மீதமுள்ளன" என்று திருத்தி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அப்டேட்டில் வந்துவிட்டது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு பெரிய கோப்பைப் போட்டு நகலெடுக்கச் சொல்லி, இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த வரியையே பார்த்தோம்.

லேப்டாப்புக்கு வைத்திருந்த பணத்தில் எனக்கு வெளியே செருகுகிற ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வா, இரண்டில் ஒன்று இப்போதே முனகுகிறது. பாட்டியின் கதைகளை இதோடு இணைத்திருக்கிறேன். ஓடிடிதான். உன் ஆபீஸ் இயந்திரத்தில் வரிகள் கலைந்து வந்தால் சொல், பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா