மின்கம்பம் நின்ற இடத்திலேயே நிற்க, இரண்டு வாசல் அமைத்தவர்களுக்கு நன்றி

சுங்கை சிப்புட் வாழ் அன்பர்களுக்கு வணக்கம்.

பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) எழும்பிய, ஒரே நடுச்சுவரைப் பகிரும் இரட்டை வீட்டுக்கு, நம் பேச்சில் செமி-டிக்கு, கார் ஏறி இறங்கும் வாசல் ஒழுங்காக அமையக் கைகொடுத்த எல்லாருக்கும் எங்கள் கட்டுமானக் குழு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. யார் என்ன செய்தார் என்பதை அடிக்கணக்கோடு எழுதுகிறோம். வீடு கட்ட நினைப்பவர்கள் தங்கள் மனையோடு ஒப்பிட்டுக்கொள்ள அது உதவும்.

முதல் நன்றி நில அளவையாளருக்கு. எல்லைக் கற்களைக் காட்டியதோடு அவர் கிளம்பியிருக்கலாம். சாலையோர மின்கம்பம், அதைத் தாங்கும் ஸ்டே வயர், தொலைபேசிக் கம்பம், கால்வாயின் இரு விளிம்பு, தார் முடியும் ஓரம் எல்லாவற்றையும் அளந்து வரைபடத்தில் ஏற்றித் தந்தார். தோட்டத்து ஊர்களில் இது பெரிய உதவி. பழைய செம்மண் பாதையை ஒட்டிக் கம்பம் நட்ட இடங்கள் இங்கே உண்டு. மனைகளைப் பிரித்ததோ பிற்பாடு. கம்பம் எல்லைக் கோட்டில்தான் இருக்கும் என்று நம்பி பிளான் போட்டால், கடைசியில் அது கேட்டுக்கு நடுவில் நிற்கும்.

மனையின் முகப்பு 80 அடி, ஒரு வீட்டுக்கு 40. சாலையிலிருந்து பார்த்தால் இடது எல்லையிலிருந்து 33-ஆவது அடியில் கம்பம். ஸ்டே வயர் மண்ணில் இறங்குவது 45-ஆவது அடியில். முதல் பிளானில் இரண்டு கார் போர்ச்சும் நடுச்சுவரை ஒட்டியிருந்தன. இடது வீட்டு கேட் 26 முதல் 38 அடி வரை, வலது வீட்டு கேட் 42 முதல் 54 வரை. ஒரு வாசலைக் கம்பம் மறித்தது, மற்றதை வயர் மறித்தது. ஸ்டே வயரைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. கம்பம் அடைப்பது ஓரடிதான். சாய்ந்து இறங்கும் வயர் அடைப்பது பத்துப் பன்னிரண்டு அடி.

மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்த தொழில்நுட்பருக்கு நன்றி. கம்பத்தில் எழுதிய எண், புகைப்படம், இடவரைபடம் மூன்றும் கடிதத்தோடு இருந்ததால் எந்தக் கம்பம் என்று அவர் தேட வேண்டியிருக்கவில்லை. கம்பத்தை நகர்த்துவதில் என்னென்ன அடங்கும் என்று பொறுமையாக விளக்கினார். புதுக் குழி தோண்ட இடம் வேண்டும். கேபிளின் நீளமும் இழுவையும் மாறும். அதே கம்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் இணைப்பை மாற்ற வேண்டும். அறிவிப்பு கொடுத்து மின்சாரத்தை நிறுத்த வேண்டும். செலவு பொதுவாகக் கேட்பவர் தலையில். ஸ்டே வயர் என்பது மின்கம்பியின் இழுவைக்கு எதிர்ப்புறம் கட்டியிருப்பது, அதை ஒரு நாள்கூட அவிழ்க்கக் கூடாது என்றும் அழுத்திச் சொன்னார்.

இதைக் கேட்டபின் பிளானைப் புரட்டிப் போட்டவர் எங்கள் பிளான் வரைபவர். அவருக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. போர்ச் இரண்டையும் வெளி ஓரங்களுக்கு மாற்றினார். இடது கேட் 4 முதல் 16 அடி, வலது கேட் 64 முதல் 76 அடி. கம்பமும் வயரும் நடுவிலுள்ள 48 அடித் தோட்டப் பகுதிக்குள் அடங்கிவிட்டன. நகராட்சியில் பிளான் ஒப்புதலுக்குப் போகுமுன் செய்ததால் செலவானது சில தாள்கள் மட்டுமே. இதில் இழப்பும் உண்டு: இரு வீட்டு வரவேற்பறைகளும் நடுச்சுவரை ஒட்டி வந்துவிட்டன. அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி காதில் விழாமலிருக்க நடுச்சுவரை விதிப்படி 200 மி.மீ.க்குக் குறையாமல், கூரைக்கு மேலும் ஏற்றிக் கட்ட வேண்டும். அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

பார்வை மறைப்பும் தீர்ந்தது. நாம் இடப்புறம் ஓட்டுகிறவர்கள். கேட்டைவிட்டு வெளியேறும்போது முதலில் எதிர்ப்படும் வண்டி நம் வலப்பக்கத்திலிருந்து வரும். கம்பம் அந்தப் பக்கம் ஒட்டி நின்றால் ஒரு மோட்டார் சைக்கிள் முழுதாக அதன் பின்னால் மறைந்துவிடும். இப்போது வலது வீட்டுக்காரருக்குக் கம்பம் அந்தப் பக்கம்தான், ஆனால் 31 அடி தள்ளி.

மைவி காரையும் ஹைலக்ஸ் பிக்கப் வண்டியையும் கொண்டுவந்து ஓட்டிக் காட்டிய இரு தம்பிகளை மறக்க முடியாது. கேட் வரும் இடத்தில் 12 அடிக்கு ரப்பர் குச்சிகள் நட்டு, ராஃபியா கயிறு கட்டி, கால்வாய்ப் பாலத்தின் ஓரம் வரும் இடத்தைச் சாலையோரப் புல்லில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருந்தோம். மைவியின் அகலம் சுமார் 1.74 மீட்டர், ஹைலக்ஸ் 1.86; பக்கக் கண்ணாடிகள் தனி. 12 அடி, அதாவது 3.66 மீட்டர், தாராளம் என்றே தோன்றும். தார்ச்சாலை 18 அடிதான் என்பதால் ஹைலக்ஸ் இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் கோட்டுக்குள் போனது. பின்சக்கரம் ஒரு சாண் சுண்ணாம்பை அழித்துக்கொண்டு போனது. அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் கேட்டை 12 அடியாகவே வைத்து, கால்வாய்மேல் பாலத்தை 16 அடியாக விரித்தோம். பின்னோக்கியும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால் இடது பின்மூலைதான் கண்ணுக்குத் தப்பும்.

கால்வாய்ப் பாலத்துக்கு வழிகாட்டிய நகராட்சி ஊழியருக்கும் நன்றி. கால்வாய் 600 மி.மீ. அகலம். உள்ளே சிறு குழாயைப் போட்டு மண் மூடுவது மலிவான வழி. அதுதான் அடைப்புக்கும் முதல் காரணம். ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். அந்த இலை குழாய் வாயில் படிந்தால் ஒரு மாலை மழைக்கே மேட்டு வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கும். கால்வாயை முழு அகலத்துக்குத் திறந்தே விட்டு, மேலே 150 மி.மீ. கான்கிரீட் பலகை போட்டோம்: கான்கிரீட்டின் வலிமை கிரேடு 30, அடியில் பிஆர்சி ஏ10 என்னும் இரும்புக் கம்பி வலை, அந்தக் கம்பியை மூட 40 மி.மீ. கான்கிரீட் கவர். பலகையைக் கால்வாயின் மெல்லிய சுவரில் உட்கார்த்தவில்லை. லோரி ஏறினால் அது நொறுங்கும். இரு பக்கமும் தனிக் கான்கிரீட் பட்டை ஊற்றி அதன்மேல் ஏற்றினோம். ஒரு பலகை 4.9 மீட்டருக்கு 1.2 மீட்டர், இரண்டுக்கும் சேர்த்து சுமார் 1.8 கன மீட்டர். நடுவில் இரண்டடிக்கு இரும்புக் கிராதி, தூக்கித் தூர்வார.

மண் தோண்டும் பேக்ஹோ இயந்திரத்தை ஓட்டிய அண்ணன் கம்பத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் பக்கெட்டை வைக்கவே இல்லை, அங்கே மண்வெட்டிதான். 9 மீட்டர் கம்பம் மண்ணுக்குள் இருப்பது சுமார் ஒன்றரை மீட்டர்தான். பக்கத்து மண்ணை வெட்டினால் பிடி தளரும். மனை மேடாக்க மண் கொட்டும்போதும் ஸ்டே வயரின் அடித்தண்டைப் புதைக்கக் கூடாது. ஈரத்தில் துரு ஏறுவது கண்ணுக்குத் தெரியாது.

வயர்மேன் அண்ணன் இரு மின்மீட்டர்களையும் நடுத்தூணில், 40-ஆவது அடியில், வைக்கச் சொன்னார். கம்பத்திலிருந்து ஏழடி. எந்தக் கார் பாதைக்கு மேலும் கேபிள் குறுக்கே போகவில்லை; மண் லோரி தொட்டியைத் தூக்கினாலும் அங்கே பயமில்லை. கேட் செய்யும் பட்டறை அண்ணனோ உட்பக்கம் திறக்கும் கேட் வேண்டாம் என்றார். தளம் சாலையைவிட 450 மி.மீ. உயரம்; 5 மீட்டரில் ஏற்றினால் சரிவு 1-க்கு 11. கார் சிரமமில்லாமல் ஏறும், ஆனால் ஏறும் தரையில் கேட் இடிக்கும். அதனால் நகரும் கேட். இடது வீட்டில் 16 முதல் 29 அடி வரை அது ஒதுங்க இடமிருக்கிறது.

கான்கிரீட் காயும் வரை தன் வாசலில் லோரிகள் திரும்ப இடம்கொடுத்த பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எங்கள் வணக்கம். அவர் வீட்டுக் கால்வாய் ஓரத்தில் லோரி உடைத்த இரண்டடியைப் புதிதாகப் பூசிக் கொடுத்துவிட்டோம்.

நன்றியுடன்,
கட்டுமானக் குழுவினர்,
சுங்கை சிப்புட், பேராக்